மாதிரி எடுத்த இடம்

ஆறு கணினிகளில் நான்கு வேலை செய்யும்.
செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியட், வேதியியல் மூன்றாம் ஆண்டு,
ஐந்து பேருக்கு ஒரு திரை.
ஜன்னலைத் திறந்தால் மணலி வரை கன்டெய்னர் லாரி,
மூடினால் வேர்வை.
மூடிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

முழு வாக்கியமாகக் கேட்காதீர்கள்,
அது உங்கள் அத்தை இல்லை, தரவுத்தளம்.
எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் ஏன் செத்தது என்று கேட்டால்
'ஏன்' என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு
நார்வேயிலிருந்து நாற்பதாயிரம் மீனைக்
கொண்டுவந்து கொட்டும்.
இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் சொற்கள் ஒட்டி நிற்கும்.
'அண்ட்' போட்டால் வலை சிறுக்கும், 'ஆர்' போட்டால் அகலும்.

வலை என்றதும் பின்வரிசையில் சிரிப்பு.
பாதிப் பேர் வீட்டில் வலை உண்டு,
கண்ணி அளவு எனக்குத்தான் தெரியாது.

ஒரே ஆறு. கொசஸ்தலை என்று ஒருவர் எழுதுகிறார்,
கொற்றலை என்று இன்னொருவர்,
ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்.
ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கட்டுக் கட்டுரை,
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

காசு கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றும் இதழ்களையும் காட்டினேன்.
முகவரி இருக்காது.
ஆசிரியர் குழுவில் செத்துப்போனவர் ஒருவர் இருப்பார்.
இம்மானுவேல் ஒன்றைப் பிடித்தான்:
நிலக்கரிச் சாம்பல் மீனுக்கு ஊட்டமாம்.
வகுப்பே கைதட்டியது.

அப்புறம் மோனிஷா, காட்டுக்குப்பம்.
அவளுக்குக் கிடைத்தது பூட்டுப் போட்ட கட்டுரை,
முப்பத்தொன்பது டாலர் கேட்டது.
ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில்
அதன் திறந்த நகல் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
சக ஆய்வாளர்கள் சரிபார்த்தது.
நூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியது.
எங்கே மொண்டார்கள், எத்தனை முறை, எந்தக் கருவி, எல்லாம் இருந்தது.
"நம்பலாம்" என்றேன்,
நானே எழுதியது மாதிரி.

அவள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள்.
நன்றி சொல்லும் இடத்தில், நிதி தந்தவர்கள் எல்லோருக்கும் அப்புறம்,
'ஒரு உள்ளூர்ப் படகோட்டிக்கும்'.

"இது எங்க சித்தப்பா மேடம்.
அவர்தான் இட்டுனு போனாரு."

வரைபடத்தைப் பெரிதாக்கினாள்.
நான்காம் நிலையம், சிவப்புப் புள்ளி,
சாம்பல் குழாய் வாய்க்கு நேர் எதிரே.
அதன்மேல் விரலை வைத்து
மெல்ல நகர்த்தினாள்.
"இங்க இல்ல. அன்னிக்கு வத்தம், படகு தரை தட்டிச்சி,
சேத்துல எறங்க மாட்டேன்ட்டாங்க.
இப்டிக்கா வந்து பாலத்தாண்ட மொண்டாங்க.
இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

என்னிடம் நான்கு கட்டங்கள் இருக்கின்றன, டிக் அடிக்க:
ஆண்டு, மொழி, சக ஆய்வு, முழுப் பிரதி.
தேசிங்கின் சிரிப்பை எதில் அடிப்பது?
தவிர, அவர் சொல்வது சரியென்றும்
எனக்குத் தெரியாது. சிரிப்புக்குத் தேதி இல்லை.
இதை அவளிடமே சொன்னேன்.
கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்,
குறித்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் போனில் ஒரு படம்:
டீசல் கணக்கு நோட்டு, எண்ணெய்க் கறை.
கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் அதே தேதி.
மூணு லிட்டர். காலேஜ் பார்ட்டி. பாலம் வரை.

கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினோம்.
நான்கு முறை திருத்தி
'தவறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு
'தெளிவு வேண்டி' என்று போட்டோம்.
இன்னும் பதில் இல்லை.

அவள் அறிக்கையில் அவரைக் குறிக்க வழி இருந்தது,
'தனிப்பட்ட தகவல்' என்ற வகையில்.
பெயர், இனிஷியல், நாள்.

"இனிஷியல் என்ன?" என்றேன்.
வராந்தாவுக்குப் போய்ப் போன் போட்டாள்.
படகு எஞ்சினைத் தாண்டிக் கத்தும் குரல்
உள்ளே எனக்கே கேட்டது:

"இனிஷியல் எதுக்கு?
எம்மேல கேஸ் கீஸ் போட்டுட்டாங்களா?"